மெஷினை எழுப்புகிறவள்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரைப் போடுவது என்று யாரும் சொல்ல மாட்டோம், எழுப்புவது என்றுதான் சொல்வோம். "மெஷினை எழுப்பியாச்சா?" என்று மாமனார் பூஜையறையிலிருந்து குரல் கொடுப்பார். "ஆச்சு மாமா" என்பேன். எழுப்பியது நான். அதற்கப்புறம் நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் சிரித்துப் பேசி, கல்யாணப் பத்திரிகைக்கு மயில் பார்டரும் மாங்காய் பார்டரும் போட்டுப் பேரைத் தட்டிக்கொண்டு போனவள் என் ஓரகத்தி.

இது தொண்ணூறுகளின் நடுவில். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் வீடு. அச்சகம் வைத்திருந்த மாமனார், ஈய எழுத்துகளைக் கொஞ்சமும் வருத்தமில்லாமல் எடைக்குப் போட்டுவிட்டு, முன்னறையில் ஒரு 486 மெஷினும் லேசர் பிரிண்டரும் வாங்கி வைத்தார். அச்சடிக்க வெளியே கொடுத்துவிடுவோம். எழுத்துக் கோத்துப் பக்கம் அமைப்பது மட்டும் எங்கள் தொழில். நான் கணக்கில் பட்டம் வாங்கியவள். பாண்டி பஜாரில் மாடியில் இருந்த ஒரு சென்டரில் கம்ப்யூட்டரும் படித்திருந்தேன். அதனால் மெஷின் வந்த நாளிலிருந்து அந்த நாற்காலி என்னுடையதாக இருந்தது.

கொழுந்தனாருக்குக் கல்யாணம் ஆயிற்று. வந்தவளும் கம்ப்யூட்டர் படித்தவள்தான். முதல் வாரம் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் ஒரு வளைகாப்புப் பத்திரிகையை அவளிடம் கொடுத்துப் பார்த்தார் மாமனார். அவ்வளவுதான். நான் எழுத்துகளை வரிசையாக நிற்க வைப்பேன், பிழை இருக்காது. அவள் அதே எழுத்துகளைக் கொஞ்சம் விலக்கி, கொஞ்சம் சாய்த்து, ஓரத்தில் ஒரு கொடியை ஓடவிடுவாள். பத்திரிகையைக் கையில் வாங்கும்போதே கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். எனக்கே தெரிந்தது. தெரிந்ததனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது. தி. நகரில் பட்டுப்புடவைக் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் தீபாவளி நோட்டீஸ் போட வந்தபோது, நாற்காலியில் நான் இருப்பதைப் பார்த்துவிட்டு, "சின்னவங்க இல்லையா?" என்று கேட்டார். உள்ளே போய் அவளை அனுப்பிவிட்டு, அவள் விட்டுவிட்டுப் போன வெங்காயத்தை நான் நறுக்கினேன். வெங்காயம் நல்ல சாக்கு.

அன்று ராத்திரி இதை என் கணவரிடம் சொன்னேன். "அவ கை பட்டா ஒரு லட்சணமாத்தான் வருது, இல்ல?" என்றார் அந்தப் புண்ணியவான். மறுநாள் அவருக்கு இட்லிக்கு மிளகாய்ப்பொடி மட்டும்தான், சட்னி கிடையாது.

கடைசியில் எனக்கு மிஞ்சியது காலை நேரம். மாமியார் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்: காலைச் சமையல் சின்னவளுக்கு, மாலைச் சமையல் எனக்கு. ஆகவே குளித்துவிட்டு வந்து மெஷினை எழுப்பித் தயாராக வைக்கும் வேலை என் பங்குக்கு வந்தது. அதை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஸ்டெபிலைசரின் முள் ஆடி நிற்கும்வரை பொறுத்திருந்து மெஷினின் ஸ்விட்சை அழுத்துவேன். ஃபேன் கிளம்பும். திரை சற்று நேரம் கறுப்பாகவே இருக்கும். அந்தக் கறுப்பு எனக்குப் பிடிக்கும். அப்போது மெஷினுக்குள் அதை நடத்துகிற டாஸும் இல்லை, விண்டோஸும் இல்லை, எவளுடைய மயிலும் இல்லை. போர்டில் ஒரு சின்ன சிப்புக்குள் எழுதி வைத்த பயாஸ் மட்டும் விழித்திருக்கும். தனக்கு என்னென்ன கைகால் இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரியாது; பயாஸ்தான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும். மெமரியை எண்ணும், திரையின் மூலையில் எண்கள் கிடுகிடுவென்று ஏறும். கீபோர்டின் விளக்குகள் ஒருமுறை மின்னி அணையும். ஃப்ளாப்பி டிரைவ் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஒரே ஒரு பீப். பிறகு, இன்ன பிராசஸர், இவ்வளவு மெமரி, இன்ன டிஸ்க் என்று தான் கண்டுபிடித்ததையெல்லாம் ஒரு கட்டம் கட்டி எழுதிக் காட்டும். ஹார்டு டிஸ்கின் முதல் துண்டைப் படித்து, அங்கே இருக்கும் டாஸைக் கூப்பிட்டு, இனி உன் பாடு என்று ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடும்.

பயாஸின் நிலைமையும் என் நிலைமையும் ஒன்றுதான் என்று எனக்கு அந்த நாட்களிலேயே பட்டுவிட்டது. பயாஸ் எவ்வளவு அழகாக எண்ணுகிறது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? விண்டோஸ் வந்து கலர் காட்டினால்தான் எல்லாருக்கும் வாய் திறக்கும். அதற்கு முன்னால் ஒருத்தி விளக்கேற்றி, கதவைத் திறந்து, நாற்காலியைத் துடைத்து வைத்தாள் என்பது யாருக்கும் கணக்கில் வராது.

அந்தக் கட்டம் வரும் நேரத்தில் நான் எழுந்து எதிர்ச் சுவர்ப்பக்கம் இருந்த பிரிண்டரைப் போடப் போய்விடுவேன். அது சூடாக நேரமாகும். திரும்பி வந்தால் ஓரகத்தி என் நாற்காலிக்குப் பின்னால் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருப்பாள். தினமும் அப்படித்தான். வைத்துவிட்டுப் போக மாட்டாள், பிடித்துக்கொண்டே நிற்பாள். மாமியார் பார்த்துப் பூரித்துப் போக வேண்டும் என்பதற்காக நிற்கிறாள் என்று நினைப்பேன். வைத்துவிட்டுப் போயேன் என்றால், பரவாயில்லை அக்கா என்பாள். அந்தப் பரவாயில்லையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காபி நன்றாகத்தான் இருக்கும், அது வேறு.

அந்த வருஷம் மாமனார் அடையாறில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஒரு அறை பிடித்தார். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்தும் பெசன்ட் நகரிலிருந்தும் நிறைய பேர் பத்திரிகைக்காக மயிலாப்பூர் வரை வருகிறார்கள், நாமே அங்கே போய்விட்டால் என்ன என்று யோசனை. விஜயதசமிக்கு அப்புறம் புது மெஷின் வாங்கிப் போட்டு, இரண்டு மருமகள்களில் ஒருத்தியை அங்கே உட்கார வைப்பது என்று முடிவாயிற்று. யார் என்று அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்க என்ன இருக்கிறது? கொழுந்தனார் அடையாறுக்குக் காலையில் எந்த பஸ்ஸில் கூட்டம் குறைவு என்று விசாரிக்க ஆரம்பித்திருந்தார்.

எனக்கு அந்த அறை வேண்டும். அப்படி ஒரு ஆசை அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை. ஒரு சாவி, ஒரு மேஜை. நானே எழுப்பி நானே உட்காரலாம். யாரும் வந்து சின்னவங்க இல்லையா என்று கேட்க முடியாது. இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கேட்டு வாங்குவது ஒரு மாதிரி, கேட்டும் இல்லை என்று சொல்லிவிட்டால் அதைவிடக் கேவலம்.

புரட்டாசியில் மெஷினின் கடிகாரம் பின்னுக்குப் போக ஆரம்பித்தது. காலையில் எழுப்பினால், முந்தின ராத்திரி எங்கேயோ தூங்கிவிட்ட மாதிரி நேரம் காட்டும். நான் டாஸிலேயே அதைத் திருத்திவிட்டுத்தான் விண்டோஸுக்குப் போவேன். கணவரிடம் சொன்னதற்கு, சுவரில்தான் கடிகாரம் இருக்கிறதே என்றார். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வரும் சர்வீஸ்காரர் ஒருநாள் பிரிண்டரைப் பார்க்க வந்தபோது அவரிடமும் சொன்னேன். "உள்ள ஒரு குட்டி பேட்டரி கீதும்மா. மெஷின் ஓடிக்கினு இருந்தா அதுவா சார்ஜ் ஏத்திக்கும். வயசாயிடுச்சி, அப்பால மாத்திக்கலாம்" என்றார். கடிகாரம் மட்டுமா அந்த பேட்டரியில் ஓடுகிறது, டிஸ்க் எங்கே, எப்படி இருக்கிறது என்ற விவரமும் அதில்தான் நிற்கிறது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆயுத பூஜை வந்தது. மாமனாருக்கு அச்சகக் காலத்துப் பழக்கம் ஒன்று உண்டு. பூஜைக்கு முன்னால் தொழில் செய்யும் அறைக்கு வெள்ளையடித்தாக வேண்டும். பூஜை முடிந்தபின் விஜயதசமி காலைவரை எந்தக் கருவியையும் தொடக்கூடாது. அச்சகத்து டிரெடில் இயந்திரத்துக்கு இருந்த அதே மரியாதை கம்ப்யூட்டருக்கும். ஆகவே பிளக்கைப் பிடுங்கி, பழைய வேட்டியால் போர்த்தி, மெஷினைக் கூடத்து மூலையில் வைத்தார்கள். வெள்ளையடித்து, அது காய்ந்து, மறுபடி முன்னறைக்குக் கொண்டுவந்து, மானிட்டருக்கும் மவுஸுக்கும் ஃப்ளாப்பி டப்பாவுக்கும்கூடச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, கற்பூரம் காட்டியாயிற்று. கிட்டத்தட்ட ஒரு வாரம் மெஷினுக்குக் கரண்ட் இல்லை. ஓடினால்தான் சார்ஜ் ஏறும் அந்தக் கிழட்டு பேட்டரி வேட்டிக்கடியில் பட்டினி கிடந்தது. அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

விஜயதசமி காலை. நல்ல நேரம் பார்த்து எல்லாரும் முன்னறையில் கூடியிருந்தோம். தீபாவளி நோட்டீஸைக் கையோடு வாங்கிப் போக பட்டுக்கடைக்காரரும் வந்து உட்கார்ந்திருந்தார். நோட்டீஸும், ஐப்பசி முகூர்த்தங்களுக்கான அத்தனை பத்திரிகைகளும் அந்த ஒரு டிஸ்கில்தான் இருந்தன. மாமனார் தேங்காய் உடைத்தார். நான் வழக்கம்போல ஸ்டெபிலைசர் பக்கம் நகர்ந்தேன்.

"இன்னிக்குச் சின்னவ எழுப்பட்டும்" என்றார் மாமனார்.

அவ்வளவுதான் சொன்னார். அடையாறு சாவி அவள் கைக்குப் போய்விட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. வருஷம் பூராவும் யாரும் பார்க்காத நேரத்தில் எழுப்புகிறவள் நான், நாலு பேர் பார்க்கும் நாளில் எழுப்புகிறவள் அவளா? அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அவள் ஸ்விட்சை அழுத்தினாள். ஃபேன் கிளம்பியது, எண்கள் ஏறின, விளக்குகள் மின்னின. அதற்கப்புறம் மெஷின் நின்றுவிட்டது. வைத்திருந்த விவரங்கள் கெட்டுவிட்டன, மேலே போக ஒரு பட்டனை அழுத்து என்று திரையில் ஒரு வரி. அவள் அழுத்தினாள். ஹார்டு டிஸ்க் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோய், டாஸ் உள்ள ஃப்ளாப்பியைப் போடு என்று கேட்டது மெஷின்.

நல்ல நாளும் அதுவுமாக இப்படியா என்று மாமியார் முணுமுணுத்தார். பட்டுக்கடைக்காரர் கர்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கொழுந்தனார் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போன் போட்டார். அங்கேயும் பூஜை, நாளைக்குத்தான் வர முடியும், டிஸ்க் ஏறவே இல்லையென்றால் ஃபார்மட் அடிக்க வேண்டியிருக்கும் என்று பதில் வந்தது. ஃபார்மட் என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து. மாமனார் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஓரகத்தி அதே பட்டனை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், நன்றாகவே இருந்தது.

"கொஞ்சம் எழுந்திரு" என்றேன். எழுந்தாள். மெஷினை அணைத்துப் போட்டு, எண்கள் ஏறும்போதே டெலீட்டை அழுத்தி, பயாஸின் நீலத் திரைக்குள் போனேன். அந்த வீட்டில் அதற்குள் போகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தேதியைத் திருத்தினேன். டிஸ்கை நீயே தேடிப் பார் என்று அதனிடம் சொல்ல ஒரு இடம் உண்டு; சொன்னேன். தேடிக் கண்டுபிடித்தது. நார்மல், எல்.பி.ஏ., லார்ஜ் என்று டிஸ்கின் துண்டுகளுக்கு எண் போடும் மூன்று வழிகளைக் காட்டி, எல்.பி.ஏ. போதும் என்று அதுவே சிபாரிசும் செய்தது. சரி என்று அழுத்தினேன். டிஸ்க் கிடைத்துவிட்டது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மாமனார் முகத்தில் உயிர் வந்தது. அதை நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

மெஷின் மறுபடி கிளம்பியது. ஒரு பீப். கட்டம் வந்தது. அதற்குக் கீழே, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் காணோம் என்று ஒரு வரி வந்து நின்றது.

சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய கதவு எண், புது கதவு எண் என்று இரண்டு இருக்குமே, அந்தக் கதைதான். அந்த டிஸ்கை முதல்முதலில் எந்த எண்ணில் பிரித்து வைத்தார்களோ அந்த எண்ணில் தேடினால்தான் டாஸ் கிடைக்கும். வேறு எண்ணில் போனால் வேறு வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம். மற்ற இரண்டையும் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று இன்று யாரும் கேட்கலாம். அன்று, தப்பான எண்ணில் ஏதாவது எழுதித் தொலைத்துவிட்டால் உள்ளே இருக்கும் கல்யாணங்களெல்லாம் போய்விடும் என்ற பயத்தில் எனக்குக் கை ஓடவில்லை. முதுகுப்பக்கம் அத்தனை பேர். போதாததற்கு, டிஸ்க் கிடைத்துவிட்டது என்று தம்பட்டம் வேறு அடித்திருந்தேன்.

என் காதுக்குப் பின்னால் மெதுவாக ஒரு குரல்.

"அக்கா, லார்ஜ்னு இருக்கும். அதைப் போடுங்க."

திரும்பினேன். காபி டம்ளர் இல்லாமல், தினமும் நிற்கும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். உனக்கெப்படித் தெரியும் என்றேன்.

"அந்தக் கட்டத்துல தினமும் வருமே அக்கா. நீங்க பிரிண்டர்கிட்ட போயிடுவீங்க, நான் படிச்சிட்டு நிப்பேன்." பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி குனிந்து சொன்னாள். "நீங்க தனியா உக்காந்து அதை எழுப்புறதைப் பாக்கப் பொறாமையா இருக்கும். நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். எனக்கு எப்பவும் எழுந்த மெஷின்தான்."

இத்தனை நாளும் நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தவள், காபி ஆற ஆற என் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள். அதுவும் என்னைவிடக் கவனமாக. நான் எண்கள் ஏறுவதைப் பார்த்துச் சொக்கிப்போய் எழுந்து போனேன். அவள் நின்று கடைசி வரிவரை படித்திருக்கிறாள்.

லார்ஜ் என்று போட்டேன். பீப். கட்டம். ஒரு நொடி ஒன்றுமில்லை, அப்புறம் டிஸ்க் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. டாஸ் வந்தது. நான் எழுந்துகொண்டு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். விண்டோஸுக்குப் போக வின் என்று அவளே அடித்தாள். பட்டுக்கடை நோட்டீஸ் அதன் மயிலோடு அப்படியே இருந்தது. மாமியார் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத் திருஷ்டி கழித்தார்.

சாயங்காலம் மாமனார் என்னைக் கூப்பிட்டு அடையாறு சாவியைக் கையில் கொடுத்தார்.

"புது இடம். மெஷின் நின்னுபோச்சுன்னா உள்ள போய் பாக்கத் தெரிஞ்சவ அங்க இருக்கணும். இங்கதான் சின்னவ பாத்துப்பாளே, எதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சு வச்சிருக்கா."

கொழுந்தனாருக்கு முகம் சுருங்கியது. ஓரகத்திக்கு இல்லை. அவள் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தாள். ஏன் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு மாவு கரைக்கப் போனேன்.

தீபாவளி முடிந்து அடையாறு அறையைத் திறந்தோம். மெஷின் புத்தம் புதுசு. ஸ்விட்சைத் தட்டினால் எண்கள் ஏறுவது கண்ணுக்கே தெரியாது, டிஸ்கை அதுவே தேடிக்கொள்ளும், கட்டம் வந்த வேகத்தில் மறைந்துவிடும், வின் என்று அடிக்கக்கூட வேண்டாம். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் கலர் வந்துவிட்டது. ஜன்னலுக்குக் கீழே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. நான் ஆசைப்பட்ட மேஜை, நான் ஆசைப்பட்ட நாற்காலி. பின்னால் யாரும் நிற்கவில்லை. காபி வேண்டுமென்றால் ஃபிளாஸ்க்கில் நானே கொண்டுவந்ததுதான்.

மயிலாப்பூருக்குப் போன் போட்டேன். அவள்தான் எடுத்தாள். மாமனார் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

"எழுப்பியாச்சா?"

"ஆச்சுக்கா. அத்தை காலைச் சமையலை அவங்களே எடுத்துக்கிட்டாங்க. நான் குளிச்சிட்டு வந்து நிதானமா எழுப்பினேன். கடிகாரம் பின்னாடி காட்டுச்சு, திருத்திட்டேன்."

குரலில் அப்படி ஒரு நிறைவு. எனக்கு அந்தக் கறுப்புத் திரை ஞாபகம் வந்தது, கனைக்கும் ஃப்ளாப்பி டிரைவ் ஞாபகம் வந்தது. இப்போது அதெல்லாம் அவளுக்கு. அந்தக் கடிகாரத்தைத் திருத்துகிறவள் நான். நல்லது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, கையை எடுக்காமல் சிந்தாதிரிப்பேட்டைக்கு அடித்தேன். மயிலாப்பூர் மெஷினுக்கு பேட்டரி மாற்ற வேண்டும், இன்றைக்கே மாற்ற வேண்டும், இனி அந்தக் கடிகாரத்தை யாரும் திருத்த வேண்டியிருக்கக் கூடாது என்றேன்.

"இன்னாம்மா இப்ப அவசரம்?" என்றார் சர்வீஸ்காரர். "அதான் நல்லா ஓடிக்கினு கீதே."

அவசரம்தான் என்றேன்.